யாருக்குக் காப்பி போட்டீங்க?

போலீஸ் ஸ்டேஷனில் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றுதான் இருக்கும். அதில் யாரை உட்கார வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும், வழக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். அன்று அதில் உட்கார்ந்திருந்தவன் ராம்கி. குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அதிகாரி. புருஷனைப் பறிகொடுத்த பாண்டிமீனா தரையில், சுவரோரமாக இருந்தாள்.

கருத்தக்கண்ணன் நின்றுகொண்டிருந்தார். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் முப்பது வருஷம் பீரோவுக்குப் பூட்டு மாட்டியவர். படிப்பு ஐந்தாவதோடு சரி. அவருடைய உதவியாளர் அஸ்வினி பழங்காநத்தத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி நொடித்துப் போனவள். வாய் மட்டும் நொடிக்கவில்லை.

"அஞ்சு மணிக்கு மாஜிஸ்ட்ரேட்கிட்ட கொண்டு போறேன்," என்றார் இன்ஸ்பெக்டர் பீமாராவ். "புருஷனக் கொன்ன கேஸு. இந்தப் பொண்ணோட அம்மா அழுததுக்காகத்தான் உங்கள உள்ள விட்டேன். கேக்க வேண்டியதக் கேட்டுட்டுக் கெளம்புங்க."

"நான் கேக்குறது இருக்கட்டும். அந்தத் தம்பி சொல்லட்டும்."

ராம்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். மனப்பாடம் பண்ணியவன் மாதிரி ஒப்பித்தான்.

"அழகர்கோவில் ரோட்டுல எங்க கிடங்கு. ஐஸ் பண்ணுன கோழி, மீனு. அங்க இருக்குற கதவு, மணி, கேமரா, குளிர் எல்லாத்தையும் இவங்க திருப்பரங்குன்றத்துல வீட்ல உக்காந்து லேப்டாப்புல பாத்துக்கணும். அதான் வேலை. இவங்க வீட்டுக்காரர் சூரியபிரகாஷ் அங்க சூப்பர்வைசர். ஞாயித்துக்கிழமை ஆள் கெடையாது. கேட்டுல வாட்ச்மேன் மட்டும்தான். இவரு மைனஸ் இருபத்தஞ்சு ரூமுக்குள்ள சரக்குப் பாக்கப் போயிருக்காரு. பத்து நாப்பதுக்கு இவங்க லேப்டாப்புலேர்ந்து கதவு பூட்டியிருக்கு. உள்ள அபாய மணியும் அமந்திருக்கு. நாலு மணிக்குத்தான் வாட்ச்மேன் தெறந்தான்."

"தெறந்தப்ப?"

"கதவுல அவரு வெரல் தோலு ஒட்டியிருந்துச்சு."

 பாண்டிமீனா முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

"உள்ளேருந்து தெறக்குற கைப்பிடி?"

"ரிப்பேரு. உள்ள செல்போனும் எடுக்காது."

"எம்புட்டு நாளா?"

"மூணு மாசம் இருக்கும். அது வேற டிபார்ட்மென்ட்டு சார்."

"செத்தவரும் அந்த டிபார்ட்மென்ட்டுதான் போல," என்றாள் அஸ்வினி. "அதான் ஒருத்தரும் வரல."

ராம்கி அவளைப் பார்க்காமல் இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் தொடர்ந்தான். "அன்னைக்குக் காலைல ஒம்பதரைக்கு எல்லாரும் பாஸ்வேர்ட மாத்தணும்னு கம்பெனி ஆர்டர். இவங்களும் ஆபீஸ் வெப்சைட்டுல போயி மாத்திட்டாங்க. புதுசு இவங்களுக்கு மட்டும்தான் தெரியும். பத்து முப்பத்தெட்டுக்கு, பூட்டியிருந்த லேப்டாப்பு ஒரே அடியில தெறந்திருக்கு. ஒரு எழுத்துகூட தப்பாகல. அப்ப தெறந்தது யாரு?"

"அதுக்கப்புறம்?"

"பத்து அம்பத்தஞ்சுக்கு அஞ்சு தடவ தப்பாப் போட்டிருக்கு. கணக்கு முடங்கிருச்சு."

"கை நடுங்கியிருக்கும்," என்றார் பீமாராவ். "கொன்னுட்டு வந்து உக்காந்தா நடுங்காதா?"

பாண்டிமீனா தலையைத் தூக்கினாள். "பத்து இருவதுக்கு லேப்டாப்பப் பூட்டிட்டு கடைவீதிக்குப் போனேன் சார். தைக்கக் குடுத்த ஜாக்கெட்டு வாங்க. கடை சாத்தியிருந்துச்சு. பதினொன்னேகாலுக்கு வந்து பாத்தா உள்ள விடமாட்டேங்குது. ஆபீசுக்கு மூணு தடவ போன் போட்டேன். ஒருத்தரும் எடுக்கல. நாலு மணிக்குத்தான் சரி பண்ணிக் குடுத்தாங்க. உள்ள போயிப் பாத்ததும் வாட்ச்மேனுக்கு நான்தான் சார் போன் பண்ணுனேன்."

"நடிப்பு," என்றார் பீமாராவ். "வீட்ல இருந்தது இவளும் இவ மாமியாரும். வெளியாள் யாரும் வரலைன்னு அந்தம்மா எழுதிக் குடுத்திருக்கு. அந்தம்மாவுக்குப் பட்டன் போனே அமுக்கத் தெரியாது."

கருத்தக்கண்ணன் மேஜைமேல் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். பூட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

"ஏத்தா, காலைல இதத் தெறக்கும்போது நெட்டு வந்துருக்குமா?"

"இல்லய்யா. மொதல்ல பாஸ்வேர்டு போட்டு உள்ள போவேன். அப்புறம் வீட்டு நெட்டு. அதுக்கப்புறம் விபிஎன் போட்டாத்தான் ஆபீசுக்குள்ள போக முடியும்."

"விபிஎன்னா வீட்லேர்ந்து ஆபீசுக்குத் தோண்டுன சுரங்கப்பாதைன்னு வச்சுக்கங்கண்ணே," என்றாள் அஸ்வினி.

"சரி. பாதை தோண்டுறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டு கேக்குது. சரியா தப்பான்னு அதுக்கு யாரு சொல்றா? ஆபீசுதான் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கே?"

ராம்கி சிரித்தான். "போன தடவ போட்டத ஒரு நகல் எடுத்து லேப்டாப்புக்குள்ளயே வச்சிருக்கும் சார். ஆபீசு எட்டலைன்னா அதை வச்சுச் சரிபாக்கும்."

"ஆபீசு எட்டிருச்சுன்னா?"

"ஆபீசக் கேக்கும்."

"எட்டிருச்சுன்னு அதுக்கு எப்பத் தெரியும்?"

ராம்கி வாயைத் திறந்தான். உடனே பதில் வரவில்லை. சாமான் விற்கிறவன் இப்படி நின்றால் சாமானில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

"விபிஎன் போட்டதும் தெரிஞ்சுரும்."

"பாத்திருக்கியா?"

"அப்படித்தான் சார் இருக்கணும்."

"இருக்கணுமாம்," என்றாள் அஸ்வினி. "கைப்பிடியும் இருக்கணும்தான்."

கருத்தக்கண்ணன் ராம்கியின் மடியிலிருந்த லேப்டாப்பைக் காட்டினார். "உன்னுதும் இதே மாதிரிதான? அணைச்சுட்டு, நெட்டு இல்லாமத் தெற."

ராம்கி இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். பீமாராவ் தலையை ஆட்டினார். அவருக்கும் வேடிக்கை பார்க்க ஆசைதான்.

நெட் இல்லாமல் திறந்தான். பிறகு அஸ்வினியின் போனிலிருந்து நெட் வாங்கி விபிஎன் போட்டான். ஆபீஸ் வெப்சைட்டில் போய்த் தன் பாஸ்வேர்டை மாற்றினான். திரையைப் பூட்டினான்.

"இப்பப் பழசப் போடு."

"வராது சார்."

"வராததத்தான போடச் சொல்றேன்."

ராம்கி பழைய பாஸ்வேர்டைத் தட்டினான். லேப்டாப் நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது. உள்ளே ஆபீஸ் வேலை எல்லாம் விரிந்து கிடந்தது.



"உங்க வீட்டு வாசக்கதவையும் ஒருதடவ போய்ப் பாத்துருங்க சார்," என்றாள் அஸ்வினி.

"ஆபீசுல பூட்ட மாத்திட்டீங்க," என்றார் கருத்தக்கண்ணன். "வாசல்ல நிக்கிறவனுக்குப் பாதை போட்டதும் தெரியல, பூட்டு மாறுனதும் தெரியல. பழைய சாவியக் கொண்டு வந்தவனுக்குச் சலாம் போட்டு உள்ள விடுறான். எம்புட்டு நேரத்துக்கு இப்படி?"

ராம்கியின் குரல் இறங்கிவிட்டது. "லாகின் சர்வீஸ் எப்பவாச்சும் தானா ஆபீசத் தேடிப் பாக்கும் சார். ஆபீசப் புடிச்சுருச்சுன்னா அதுக்கப்புறம் பழசு செல்லாது. எப்பப் பாக்கும்னு சொல்ல முடியாது. ரெண்டு நிமிசமும் ஆகும், ரெண்டு மணி நேரமும் ஆகும்."

"அப்பப் பழைய பாஸ்வேர்டு தெரிஞ்ச யாரும் தெறந்திருக்கலாம்." கருத்தக்கண்ணன் பாண்டிமீனாவிடம் குனிந்தார். "பழசு என்னத்தா?"

"எங்க அய்யா வீட்டுச் சாமி பேரு. பேச்சியம்மன். கூட எங்க வீட்டுக் கதவு நம்பரு. வேலைக்குச் சேந்தப்பப் போட்டது. மாத்துனதே இல்ல."

"புதுசு?"

"அவுக வீட்டுச் சாமி. சோணைச்சாமி. கல்யாணம் ஆனா சாமியும் மாறணும்ல."

"பழசு யாருக்குத் தெரியும்?"

அவள் தரையைப் பார்த்தாள். 

"யாருக்கும் தெரியாதுய்யா."

அது பொய் என்று கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவர்களில் பாதிப்பேர் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்லுவார்கள். இவள் அந்தப் பாதியில் இல்லை.

வெளியே ஆட்டோவில் காளை காத்திருந்தான். பாண்டிமீனாவின் தம்பி. கருத்தக்கண்ணன் எங்கே போகச் சொன்னாலும் ஓட்டிப் போகவேண்டும் என்று அவனுடைய தாய் மலையம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள். இரண்டு நாளாகக் காசு கேட்காமல் ஓட்டினான். காசு கேட்காமல் ஓட்டுகிற ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் கருத்தக்கண்ணனுக்கு முதுகு கூசும்.

"அக்கா வீட்டுக்கு விடுப்பா."

வண்டி கிளம்பியதும் காளை கண்ணாடியில் பார்த்தான். "அக்காவ விட்ருவாகளாண்ணே?"

"பாப்போம். நீயும் அந்தக் கெடங்குலதான வேல பாத்த?"

"ஆமாண்ணே. போன மாசம் விட்டுட்டேன். ஒத்துக்கல."

"எது ஒத்துக்கல?"

"குளுரு."

"மதுரைக்காரனுக்குக் குளுரு ஒத்துக்கலையா?" என்றாள் அஸ்வினி. "இந்த ஊர்ல அதுக்குக் காசு குடுத்துல்ல ஏசி ரூமுல உக்காருறோம்!"

காளை சிரிக்கவில்லை. வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே வண்டியை நிறுத்தினான். "நான் வரலண்ணே. அந்தக் கெழவி மண்ண வாரித் தூத்தும்."

இருளாயி மண்ணைத் தூற்றவில்லை. மகன் படத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"அவளுக்கு வக்காலத்து வாங்கவா வந்தீக? என் புள்ளைய மீனு மாதிரி விறைக்க வச்சுக் கொன்னாளே! தண்ணி ஊத்தக்கூடக் கைய மடக்க முடியலையே! அவ செயிலுல புழுத்துச் சாகணும். அத நான் பாக்கணும்."

"பாக்கலாம்த்தா," என்றார் கருத்தக்கண்ணன். "ஞாயித்துக்கிழமை வெளியாள் யாரும் வரலையா?"

"எத்தன தடவ சொல்றது? ஒருத்தரும் வரல."

அஸ்வினி பெருமூச்சு விட்டாள். கருத்தக்கண்ணன் அடுப்படிப் பக்கம் பார்த்தார். ஒரே கேள்வியைப் போலீஸ் பத்துத் தடவை கேட்டிருக்கும். பத்துத் தடவையும் ஒரே பதில்தான் வந்திருக்கும். பதில் பொய்யில்லை என்றால் கேள்விதான் சரியில்லை.

"ஞாயித்துக்கிழமை யாருக்குக் காப்பி போட்டீங்க?"

"காளைக்குத்தான்," என்றாள் இருளாயி யோசிக்காமல். "கறி எடுத்துக்கிட்டு வந்துச்சு."

அஸ்வினி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"வெளியாள் வரலைன்னீங்களே?"

"சம்பந்தி வீட்டுப் பய எப்படிய்யா வெளியாளு ஆவான்? போலீசு கேட்டது வெளியாள."

"எத்தன மணிக்கு வந்தான்?"

"பத்தரை இருக்கும். அக்காளோட கட்டில்ல உக்காந்து எதையோ நோண்டிக்கிட்டு இருந்துச்சு. காப்பியக் குடுத்தேன். குடிச்சிட்டு, கறிய வச்சுட்டுப் போயிருச்சு."

"காப்பிய நீங்க ஏன் போட்டீங்க?"

"வேற யாரு போடுவா?"

"மருமக தம்பி வந்திருக்கான். மருமக போட மாட்டாளா?"

"அவ இருந்தா அவதான் போடுவா! அவ தம்பிக்கு நான் எதுக்கு அடுப்படியில நிக்கிறேன்? அவதான் கடைவீதிக்கு..."

இருளாயி நிறுத்தினாள். சொன்னது என்ன என்று அவளுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. மகன் படத்தைப் பார்த்தாள். கண் சிறுத்தது.

"அப்ப ரெண்டு பேரும் கூட்டு," என்றாள். "அக்காளும் தம்பியும் சேந்து கொன்னுட்டாக. கோர்ட்டுல அப்படித்தான் சொல்லுவேன். அவ வீட்ல இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். போங்க வெளிய!"

திரும்பும்போது ஆட்டோவில் அஸ்வினி வாயே திறக்கவில்லை. மூன்று வருஷத்தில் இது முதல் தடவை.

"கெழவி என்னண்ணே சொன்னுச்சு?" என்றான் காளை.

"காப்பி நல்லாப் போடுதுப்பா. ஸ்டேஷனுக்கே விடு."

கண்ணாடியில் காளையின் கண் ஒரு நிமிஷம் அவர் மேலேயே நின்றது. ஆனாலும் வண்டியை ஸ்டேஷனுக்குத்தான் விட்டான். போவதற்கு அவனுக்கு வேறு இடம் இல்லை.

மணி நாலு. மலையம்மாள் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கருத்தக்கண்ணன் காளையின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டி வந்தார்.

"சார், அந்த வீட்டுக்கு வெளியாள் வரல. உள்ளாள் வந்திருக்கு. பத்தரைக்கு இவனுக்குக் காப்பி போட்டேன்னு அந்த மாமியாரே சொல்லுது. புருஷன் வீட்டு ஆளு யாராச்சும் தெறக்கப் பாத்திருந்தா அவுக சாமி பேரத்தான் போட்டுப் பாத்திருப்பாக. பேச்சியம்மன அந்த வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே அடியில தெறந்தவன் அந்தப் பேரச் சொல்லிக் கும்புட்டு வளந்தவன்."

"என்னண்ணே சொல்றீங்க?" என்றான் காளை. குரல் கீச்சிட்டது.

"பத்து முப்பத்தெட்டுக்கு நீ தெறந்த. அத விடு. பத்து அம்பத்தஞ்சுக்கு அஞ்சு தடவ போட்டியே, அது எதுக்கு? கொல்ல வந்தவன் கொன்ன பெறகு எதுக்கு மறுபடியும் உள்ள போகப் பாக்குறான்?"

காளை அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் சொல்றேன். கதவத் தெறந்து விடத்தான்."

 காளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பத்து நிமிசந்தாண்ணே நெனச்சேன். போன மாசம் நான் லேட்டா வந்தேன்னு மச்சான் என்னைய அந்த ரூமுல பத்து நிமிசம் நிக்க வச்சாரு. வெறும் பனியனோட. லோடுமேன் பூராம் கண்ணாடி வழியாப் பாத்துச் சிரிச்சாங்க. அன்னைக்கு அக்கா இல்ல, லேப்டாப்பு கட்டில்ல கெடந்துச்சு. பழைய பாஸ்வேர்டப் போட்டேன், தெறந்துக்கிருச்சு. கேமராவுல பாத்தா மச்சான் அதே ரூமுல நிக்கிறாரு. பத்து நிமிசம் நீயும் நில்லுன்னுதான் கதவப் பூட்டி, மணியையும் அமத்துனேன். அதுக்குள்ள கெழவி காப்பியோட வந்துருச்சு. டக்குனு மூடிட்டேன். குடிச்சிட்டுத் திரும்பத் தெறந்தா அதே பாஸ்வேர்டு தப்புங்குது. மறுபடி மறுபடி போட்டேன். விடல."

"அந்தப் பதினஞ்சு நிமிசத்துல அது ஆபீசப் பாத்துருச்சு," என்றான் ராம்கி மெதுவாக. அவனை யாரும் கேட்கவில்லை.

"வாட்ச்மேன் நம்பரு உன்கிட்ட இல்லையா?" என்றார் கருத்தக்கண்ணன்.

"இருந்துச்சு."

"ஒரு போன்."

"பண்ணுனா நான்தான் பூட்டுனேன்னு தெரிஞ்சுபோகும்லண்ணே."

அஸ்வினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அஞ்சு மணி நேரம் ஒருத்தன் கதவைப் பிராண்டிச் செத்திருக்கிறான். இவன் ஆட்டோவில் சவாரி ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறான்.

பீமாராவ் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஸ்டேஷன்ல அழுகுறது கோர்ட்டுல செல்லாது. நாளைக்கே இல்லைம்பான். அந்தக் கெழவியும் மாத்திப் பேசும். பழைய பாஸ்வேர்டு இவனுக்குத் தெரியும்னு ஒரு ஆளு எழுதிக் குடுக்கணும். இல்லைன்னா இந்தப் பொண்ணுதான் உள்ள போகும்." பாண்டிமீனாவைப் பார்த்தார். "காலைல யாருக்கும் தெரியாதுன்ன. இப்பச் சொல்லு. இவனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

மலையம்மாள் மகள் வாயைப் பொத்தாத குறையாகப் பக்கத்தில் நகர்ந்தாள்.

"தெரியாதுன்னு சொல்லுத்தா. அவனுக்கு இருவத்தி மூணுதான் ஆகுது. இன்னும் ஒரு நல்லது கெட்டது பாக்கல. நீ தாலியறுத்துட்ட. இனிமே உனக்கு வெளிய என்ன இருக்கு? பொம்பளைய சீக்கிரம் விட்ருவாகளாம். தீவாளி பொங்கலுக்கு நான் வந்து பாக்குறேன்த்தா."

"அக்கா," என்றான் காளை.

பாண்டிமீனா தாயைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்தாள். சாதாரணமாகக் கேட்டாள்.

"பூட்டும்போது கேமராவுல அவரப் பாத்தியாடா?"

"பாத்தேன்."

"என்ன பண்ணுனாரு?"

"விடுக்கா."

"என்ன பண்ணுனாருன்னு கேட்டேன்."

காளை தலையைக் குனிந்துகொண்டான். "கதவத் தள்ளிப் பாத்தாரு. அப்புறம் கேமராவப் பாத்துச் சிரிச்சாரு. கையக் காட்டித் தெறக்கச் சொன்னாரு. நீ பாத்துக்கிட்டு இருக்கன்னு நெனச்சு."

அஞ்சு மணி நேரமும் சூரியபிரகாஷ் அப்படித்தான் நினைத்திருப்பான். பெண்டாட்டி பார்த்துக்கொண்டே இருக்கிறாள், திறக்க மாட்டேன் என்கிறாள் என்று. அதை மாற்றிச் சொல்ல இனி ஆள் இல்லை.

பாண்டிமீனா எழுந்து மேஜைக்கு வந்தாள்.

"எழுதுங்க சார். அது ரெண்டு பேருக்குத் தெரியும். எனக்கும் இவனுக்கும். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

பீமாராவ் எழுதினார். பேப்பரைத் திருப்பி வைத்துப் பேனாவைக் கொடுத்தார். மலையம்மாள் பாய்ந்து வந்து மகளின் முதுகில் அறைந்தாள். மயிரைப் பிடித்து இழுத்தாள், மறுபடி அறைந்தாள். ஒரு கான்ஸ்டபிள் வந்து பிடிக்கிறவரைக்கும் விடவில்லை.

பாண்டிமீனா மேஜை விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டு முடித்தாள். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை.